இசக்கியின் இருமல்

முத்துமடையில் ஒரு குழந்தை பிறந்தால், தொப்புள்கொடியை அறுப்பதற்கு முன்பே அதன் தொண்டையில் குரல்மணியை ஒட்டிவிடுவார்கள். கொடி கொஞ்ச நேரம் காத்திருக்கும், அழுகை காத்திருக்காது. மணி இல்லாமல் குழந்தை அழுதால் துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு கீச்சொலி வரும். பெற்றவளே பயந்துபோவாள்.

எல்லாம் காற்றினால் வந்த வினை. மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே, வெயில் எட்டாத ஆழத்தில், கடல்தரையில் கவிழ்த்து வைத்த பெரிய பெரிய கூடுகளுக்குள் இருந்தது அந்த ஊர். அந்த அழுத்தத்தில் கரைக்காற்றைச் சுவாசித்தால் கள் குடித்ததுபோல் தலை சுற்றும். அதனால் ஹீலியம் கலந்த காற்றைத்தான் எல்லோரும் சுவாசித்தார்கள். ஹீலியத்தில் மயக்கம் கிடையாது. ஆனால் எவ்வளவு கனத்த சாரீரமும் அதில் வாத்துக்குஞ்சின் கத்தலாகிவிடும், பாதி வார்த்தைகள் புரியாது. குரல்மணி அதற்குத்தான். கழுத்துக்குழியில் ஒட்டிக்கொள்ளும் சுண்டைக்காய் அளவுக் கருவி அது. தொண்டையின் அசைவைப் படித்து, தனக்குள் விதையாகப் பதிந்திருக்கும் மனிதக்குரலில் அதை எடுத்துப் பேசும்.

பிள்ளைகள் எல்லோருக்கும் மணி ஒரே குரலைத்தான் கொடுத்தது. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் 'பசிக்குது' என்று வெளியிலிருந்து சத்தம் வந்தால், கூப்பிட்டது எது என்று தாய்க்குத் தெரியாது. ஒன்று செய்த சேட்டைக்கு இன்னொன்று அடி வாங்கும். ஊரும் அவர்களை அவன், அவள் என்று பிரித்துப் பேசுவதில்லை. பிள்ளை வந்தது, பிள்ளை போனது, அவ்வளவுதான்.

பதினைந்து வயதில் குரலிடு விழா நடக்கும். மண்டபத்தில் ஊர் கூடியிருக்க, குரலிடுபவர் மணியைத் திறந்து, தனி விதையாக இருக்கும் பிள்ளைக்குரலை அணைத்துவிட்டு, உள்ளே இருக்கும் சிறு சக்கரத்தைத் திருப்புவார். வலப்பக்கம் திருப்பினால் ஆண்குரல், இடப்பக்கம் திருப்பினால் பெண்குரல். சக்கரத்தின்மேல் இரட்டைப்பல் தட்டு என்று ஒரு மெல்லிய உலோகத் தகடு மூடியிருக்கும். அந்த இரண்டு பற்களில் ஒன்றில்தான் சக்கரம் நிற்க முடியும். வேறு இடத்தில் நிறுத்த யாரும் நினைத்ததும் இல்லை.

மண்டபத்தின் முகப்பில் இரண்டு சிலைகள் இருந்தன. வலப்புறம் இசக்கியப்பர், இடப்புறம் இசக்கியம்மை. ஊரைக் கட்டிய முதல் தம்பதி அவர்கள், மணிக்குள் இருக்கும் ஆண், பெண் விதைக்குரல்கள் இரண்டும் அவர்களுடையவை என்று பாடசாலையில் சொல்லிக்கொடுத்தார்கள். சிலைகளின் அடிப்பீடம் ஒன்றுதான், அதில் 'இசக்கி' என்று ஒரே ஒரு பெயர்தான் வெட்டியிருந்தது. மிச்சத்தை ஊர் சேர்த்துக்கொண்டது. சிலைகளுக்குள் ஆதிப்பதிவு இருந்தது. கல்யாணத்தின்போது முதலில் இசக்கியப்பர் ஆண்குரலில் ஆசி சொல்வார், அடுத்து இசக்கியம்மை அதே வார்த்தைகளைப் பெண்குரலில் சொல்வாள். 'மூச்சுக் குறையாமல் இருங்கள். ஒருவர் கயிற்றை' என்று வந்ததும் தொண்டை கமறி ஓர் இருமல். பிறகு, 'ஒருவர் விடாதீர்கள்.' இரண்டு பேருக்கும் அதே இடத்தில் இருமல் வரும். புதுமணத் தம்பதியிடம் பெரியவர்கள் அதைச் சுட்டிக்காட்டுவார்கள். வாழ்ந்தால் இப்படி வாழவேண்டும், இருமல்கூட ஒன்றாக வருகிறது பாருங்கள், அப்படி ஒரு மனப்பொருத்தம் என்பார்கள்.

இந்த ஊரில்தான் துமி வளர்ந்தது. அதன் அம்மா பனிமயம், கரையில் பிறந்து, கல்யாணமாகிக் கீழே வந்தவள். புருஷன் போனபிறகு மூழ்குபவர்களின் கையுறைகளை ஒட்டுப்போட்டுக் கொடுத்துப் பிள்ளையை வளர்த்தாள். துமிக்கு ஒரே ஓர் ஆசை உண்டு. வழிக்குரல் அறையில் ஒரு முக்காலியில் உட்காரவேண்டும்.

முத்துமடைக்காரர்கள் கடல்தரையில் கிடக்கும், கிழங்கு என்று அவர்கள் சொல்லும் உலோக உருண்டைகளைப் பொறுக்கிப் பிழைத்தார்கள். பொறுக்கக் கை வைத்ததும் சேறு கிளம்பிவிடும், விளக்குப் போட்டாலும் தன் கையே தனக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்ப அவர்களுக்கு இரண்டு துணைகள் இருந்தன. ஒன்று, வாசலிலிருந்து இழுத்துக் கட்டிய வழிக்கயிறு. இன்னொன்று, அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் குரல். கயிற்றின் இழுவையை அளவுமானியின் முள்ளில் பார்த்துக்கொண்டே, இடப்பக்கம் வா, பள்ளம் இருக்கிறது பார்த்து வா என்று அந்தக் குரல் தண்ணீருக்குள் பேசிக்கொண்டே இருக்கும். முதல் வார்த்தை எப்போதும் 'கேக்குதா?' என்பதுதான். துமி சின்ன வயதில் அந்த அறையின் வாசலிலேயே கிடந்தது. ஆட்கள் எந்த இடத்தில் தடுமாறுவார்கள், எந்த வார்த்தையில் தைரியம் வரும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. அறையில் இருந்தவர்களே தங்களுக்குள், இந்தப் பிள்ளைக்குக் குரல் இட்டதும் ஒரு முக்காலி போட்டுவிட வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

விழா நெருங்க நெருங்கத் துமிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்றப் பிள்ளைகள் தங்களுக்கு வரப்போகும் குரலை நினைத்துக் கண்ணாடிமுன் வாயசைத்துப் பார்த்தன. துமியும் பார்த்தது. ஆண்குரலில் பேசுவதாக நினைத்தால் யாரோ மாமா பேசுவதுபோல் இருந்தது. பெண்குரலில் என்றால் யாரோ அத்தை. இரண்டுமே நல்ல குரல்கள்தான், இரண்டுமே தன்னுடையது இல்லை. வாடகைச் சட்டை போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகிற கூச்சம் போலிருந்தது. அதுவாவது ஒருநாள் விருந்தோடு போகும், இது சாகும்வரை.

துமி பிறப்பில் ஆணா பெண்ணா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். முத்துமடையிலும் அதைத்தான் கேட்டார்கள். துமிக்கு என்ன வேண்டும் என்று கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

விழாவன்று குரலிடுபவர் ஜெர்வாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல "வலமா, இடமா?" என்று கேட்டார்.

"நடு" என்றது துமி.

மண்டபம் சிரித்தது. ஜெர்வாஸ் சிரிக்கவில்லை. தன் தொழிலில் விளையாட்டு அவருக்குப் பிடிக்காது. "நடுவுல பல்லு கிடையாது, பிள்ள" என்றார். துமி நகரவில்லை. நடுவில் வைத்துப் பாருங்கள், நான் ஆணுமில்லை பெண்ணுமில்லை, எனக்கு அது பத்து வயதிலேயே தெரியும், இப்போதுதான் சொல்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. ஊர்த்தலைவர் சந்தியாகு எழுந்தார். நல்ல மனிதர், ஆனால் கூட்டம் என்று ஒன்று கூடிவிட்டால் அவருக்கு உடம்பு விறைத்துவிடும். அப்பரும் அம்மையும் கொடுத்த குரல் இரண்டு, ஊர் தோன்றிய நாளிலிருந்து இரண்டு, மூன்றாவது ஒன்று இருந்திருந்தால் அவர்களே கொடுத்திருப்பார்கள் என்றார். பதினைந்து முடிந்த பிள்ளைக்குப் பிள்ளைக்குரல் கிடையாது என்பதும் ஊர்வழக்கம். இரண்டில் ஒன்றை எடு, இல்லாவிட்டால் மணியைக் கழற்றி வை என்று முடித்தார்.

வழிக்குரல் அறை முக்காலிகள் வரிசையாகத் துமியின் கண்ணுக்குள் வந்து போயின. பிறகு மணியைத் தானே பிடுங்கி ஜெர்வாஸின் கையில் வைத்துவிட்டு, வெறுந்தொண்டையோடு மண்டபத்தை விட்டு இறங்கியது.

இனி நாம் துமியை 'அவர்' என்றே சொல்லலாம். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், அந்த வயதில், அப்படி ஒரு காரியம் செய்கிறவருக்கு அந்த மரியாதை தகும்.

வெறுந்தொண்டையோடு ஊரில் நடமாடிய முதல் ஆள் துமிதான். வாயைத் திறந்தால் கீச்சொலி. கடையில் ஒன்று கேட்டால் இன்னொன்றைக் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே கீச்சிட்டுக்கொண்டு ஓடின. கூடப் படித்தவர்கள் புதுக்குரலோடு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள், இரண்டு பேர் வழிக்குரல் அறைக்கே போனார்கள். அன்றைக்கு மட்டும் துமி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

பனிமயம் சாப்பிட எழுப்பினாள். துமி ஏதோ சொன்னார், அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார், மறுபடியும் புரியவில்லை. பெற்ற பிள்ளை சொல்வது புரியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தன் கழுத்திலிருந்த மணியைக் கழற்றிச் சாதத்தட்டின் பக்கத்தில் வைத்தாள். பிறகு அவளும் கீச்சிட்டாள். துமி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். அம்மாவின் சொந்தக் குரலை அன்றுதான் அவர் முதன்முதலாகக் கேட்டார். இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கீச்சிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டில் மணி போட்டுப் பேசுவதே இல்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் காற்றுக்குழாய் எங்கேயோ ஒழுகுகிறது என்று இரண்டு தடவை ஆள் கூட்டிவந்து பார்த்தார்கள். சில மாதங்களில் கீச்சுக்குள் இருக்கும் வார்த்தைகள் இருவருக்கும் பிடிபட்டுவிட்டன. மூச்சு எங்கே இழுபடுகிறது, நாக்கு எங்கே தட்டுகிறது, தொண்டை எங்கே அடைக்கிறது என்று கவனித்தால் புரிந்தது. துமியின் காது கூர்மையாகிக்கொண்டே வந்தது. இன்னொன்றும் அவருக்குத் தெரிந்தது. மணிக்கு அடியில் அம்மாவின் குரலுக்கும் தன் குரலுக்கும், மணி பழுதாகி ஒருநாள் கீச்சிட்ட கடைக்காரரின் குரலுக்கும் நடுவே கோடு கிழித்து, இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்று பிரிக்கவே முடியவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் பனிமயம் துமியைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனாள். கடைசி வரிசையில் நின்றிருந்தார். இசக்கியப்பர் ஆசி சொன்னார், இருமினார். இசக்கியம்மை ஆசி சொன்னாள், இருமினாள். பெரியவர்கள் வழக்கம்போல மணமக்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள். துமிக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. ஒரு வருஷமாக மூச்சையும் நாக்கையும் மட்டுமே கேட்டுப் பழகிய காது அது. இருமலுக்கு முன்னால் மூச்சு இழுபட்ட விதம், இருமியபின் எச்சில் விழுங்கிய விதம், 'விடாதீர்கள்' என்பதில் நாக்கு கொஞ்சம் வழுக்கிய விதம், எல்லாம் இரண்டு பேருக்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தன. எவ்வளவு மனப்பொருத்தம் இருந்தாலும் இரண்டு பேர் ஒரே எச்சிலை விழுங்க முடியாது.

பந்தி முடிந்து மண்டபம் காலியானதும் துமி ஜெர்வாஸைக் கையைப் பிடித்துச் சிலைகளுக்குமுன் இழுத்துப்போனார். பனிமயம் மொழிபெயர்த்தாள். விஷயம் விளங்கியதும் ஜெர்வாஸுக்கு மூக்கு சிவந்தது. இசக்கியப்பரையும் அம்மையையும் ஒரே ஆள் என்று சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்றார். இரண்டு விதைக்குரல்கள் உள்ளே இருக்கின்றன, என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள்தான் மணி திறக்கிறோம் என்றார். விதை இருக்கும் குப்பியை யாராவது திறந்து பார்த்ததுண்டா என்று துமி கேட்டார். இல்லை. அதைத் திறக்கும் வழக்கமில்லை. துமி பொய் சொல்கிறார் என்று காட்டவாவது சிலையைத் திறந்தாகவேண்டும் என்ற ரோஷம் ஜெர்வாஸுக்கு வந்துவிட்டது.

இசக்கியம்மையின் முதுகுப்புற மூடியைக் கழற்றினார். மணியில் இருப்பதைப்போலவே உள்ளே ஒரு சக்கரமும் அதன்மேல் இரட்டைப்பல் தட்டும் இருந்தன. தட்டைப் பிடித்திருந்த திருகாணிகளைத் தொட்டதும் அவர் கை நின்றது. சிலைக்குள் மற்றத் திருகாணிகள் எல்லாம் ஒரு ரகம், இவை வேறு ரகம். "இது பிற்பாடு யாரோ மாட்டினது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். தட்டை எடுத்ததும், இத்தனை காலம் ஒருபக்கமாக இழுத்துப் பிடித்திருந்த சக்கரம் சுருள்வில்லின் தள்ளலில் மெதுவாகச் சுழன்று தானாகவே நடுவில் வந்து நின்றது. அது இருக்கவேண்டிய இடம் அதுதான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

இசக்கியப்பரையும் திறந்தார்கள். அந்தத் தட்டையும் எடுத்தார்கள். அந்தச் சக்கரமும் நடுவுக்கு வந்தது.

ஜெர்வாஸ் ஆசியை ஓடவிட்டார். ஆண்குரலில் எப்போதும் ஒரு கரகரப்பு இருக்கும், பெண்குரலில் ஒரு கீறல் இருக்கும், அவை அந்தந்தக் குரலின் இயல்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இப்போது வந்த குரலில் கரகரப்பும் இல்லை, கீறலும் இல்லை. கனமும் இல்லை, மென்மையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நிதானமாகப் பேசுவதுபோல இருந்தது. இரண்டு சிலைகளிலிருந்தும் ஒரே குரல். இருமல் வந்தது. ஓர் ஆள் இருமினார், அவ்வளவுதான். கணவனும் இல்லை, மனைவியும் இல்லை. இசக்கி என்று ஒருவர் இருந்திருக்கிறார். அவர் தன் குரலை ஊருக்குக் கொடுத்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் யாரோ அதை மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் இழுத்துக் கட்டி, அவரை இரண்டாக வெட்டி, கல்யாணமும் செய்துவைத்துவிட்டார்கள்.

ஜெர்வாஸ் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய், துமி கழற்றிக் கொடுத்த பழைய மணியைக் கொண்டுவந்தார். அதை ஒரு வருஷமாகத் தனியாக எடுத்து வைத்திருந்தார், ஏன் என்று அவருக்கே தெரியாது. பிள்ளைக்குரலை அணைத்து, தட்டை நீக்கி, சக்கரம் நடுவில் அமர்கிறவரை காத்திருந்து, துமியின் கழுத்தில் தன் கையாலேயே ஒட்டினார்.

"கேக்குதா?" என்றார் துமி.

பனிமயம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் ஊர்க்கூட்டம் கூடியது. தட்டில்லாத சிலைகள் பேசின. பின்னாலேயே துமியும் அதே குரலில் வணக்கம் சொன்னார். முதலில் ஒரு கிழவர் தரையில் விழுந்து கும்பிட்டார். அடுத்த நொடி மண்டபம் முழுவதும் விழுந்தது. போன வருஷம் பின்னால் கீச்சிட்டு ஓடிய பிள்ளைகளின் தாய்மார்கள் அந்தப் பிள்ளைகளை இழுத்துவந்து துமியின் காலடியில் போட்டார்கள். சந்தியாகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்கு அப்போதே மனசில் பட்டது என்றார். என்ன பட்டது என்று யாரும் கேட்கவில்லை. துமியின் குரல் ஆதிக்குரல், ஆதிக்குரலில் வரும் சொல்லை ஊர் மறுக்கக்கூடாது என்று அன்றே தீர்மானமும் போட்டார்கள். இரண்டு சிலைகளுக்கும் நடுவே உயரமாக ஓர் இருக்கை போட்டு, பாசிப்பூவில் மாலை கட்டித் துமியை அதில் உட்காரவைத்தார்கள்.

மாலையோடு துமி கேட்ட முதல் கேள்வி, வழிக்குரல் அறையில் எப்போது வேலைக்கு வரலாம் என்பது.

சந்தியாகு பதறிப்போனார். "சாமிக்குரல வச்சு, சேறும் வேர்வையுமா வாரவனுக்கு இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்புன்னு சொல்லுததா? நாக்கு அழுகிப் போவும். நீங்க இங்கன உக்காந்து ஆசி சொன்னாப் போதும், மத்ததெல்லாம் ஊரு பாத்துக்கும்." அதுவரை 'ஏ பிள்ள' என்று கூப்பிட்டவர், ஒரே இரவில் 'நீங்க' என்றார். துமிக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. பனிமயம் கரையில் பிறந்தவள் ஆயிற்றே என்று நினைத்து, சந்தியாகு அவளைத் துணைக்கு இழுத்தார். கரையிலும் இப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய மரியாதையாமே, கடை திறந்தால் கூட்டிவந்து ஆசி வாங்குவார்களாமே, சரிதானே என்று கேட்டார்.

"வாங்குவாவ அண்ணாச்சி" என்றாள் பனிமயம். "தலையில கைய வைக்கச் சொல்லி, குனிஞ்சு நின்னு வாங்குவாவ. அதே ஆளு போயி வாடகைக்கு வீடு கேட்டா மட்டும் காலியில்லம்பாவ. வேலை கேட்டா ஆளு இருக்கும்பாவ."

சந்தியாகு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலை கொஞ்சம் சாய்ந்திருந்தது, அதைச் சரிசெய்தார்.

சில மாதங்கள் துமி அந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, புதுவாசல் திறப்பு என்று எல்லாவற்றுக்கும் ஆசி. யாரும் அவரிடம் பேசவில்லை, கேட்டுக்கொண்டார்கள். யாரும் அவரோடு சாப்பிடவில்லை, படைத்தார்கள். வெறுந்தொண்டையோடு இருந்தபோது கடைக்காரராவது தப்பான சாமானைக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் இல்லை. வீட்டில் அம்மாவோடு மணியைக் கழற்றிக் கீச்சிடுகிற நேரத்தில்தான் அவருக்கு உயிர் வந்தது.

ஒருநாள் பெரிய கல்யாணம். ஊர் முழுவதும் கேட்கும்படி ஒலிபெருக்கிகள் கட்டி, துமியின் முன்னால் ஒலிவாங்கியை நீட்டினார்கள். துமி ஆசியைச் சொல்லி முடித்தார், இருமல் இல்லாமல். பிறகு மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு வார்த்த" என்றார். "நாளையிலேர்ந்து நான் வழிக்குரல் அறையில முக்காலியில இருப்பேன். என் குரல் வேணுங்கறவங்க கயித்தப் புடிச்சுக்கிட்டு வந்து கேட்டுக்கோங்க. ஆதிக்குரல் சொன்னா ஊரு மறுக்கக்கூடாதுன்னு தீர்மானம் போட்டவங்க நீங்கதான்."

மண்டபம் சந்தியாகுவைப் பார்த்தது. சந்தியாகு மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அவர் போட்ட தீர்மானம் அவர் கழுத்திலேயே விழுந்திருந்தது. தலையாட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. பின்வரிசையில் ஜெர்வாஸ் மட்டும் சத்தமாகக் கைதட்டினார்.

அப்படித்தான் துமி முக்காலிக்கு வந்தார். கெட்டிக்காரர் என்று அறைக்காரர்களுக்கு முன்பே தெரியும். இவ்வளவு கெட்டிக்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது. மூழ்குபவரின் மூச்சை வைத்தே அவருக்குக் குளிர்கிறதா, பயமா, பசியா என்று சொல்லிவிடுவார். அந்தக் கீறல் இல்லாத குரல் சேற்று இருட்டுக்குள் மற்ற எந்தக் குரலையும்விடத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. முதல் சில நாள்கள் ஆட்கள் அதைக் கேட்டதும் தலைக்கவசத்துக்குள் தலை குனிந்தார்கள். பசியோடும் குளிரோடும் வருகிறவர்களுக்கு எவ்வளவு நாள் பக்தி தாங்கும்? சீக்கிரமே, இன்றைக்குக் கஞ்சியா சோறா என்று அந்த ஆதிக்குரலிடமே கேட்கத் தொடங்கினார்கள்.

சந்தியாகுவின் முறை வந்தது. தலைவரானாலும் கிழங்கு பொறுக்கும் முறை எல்லோருக்கும் உண்டு. அன்றைக்கு நீரோட்டம் கடுமையாக இருந்தது, சேறும் அதிகம். திரும்பும் நேரத்தில் துமி பேசினார்.

"கேக்குதா, மாமா? முன்னால பள்ளம் இருக்கு, பாத்து வாங்க."

முள் நடுங்கியது, பிறகு சரசரவென்று கீழே விழுந்தது. கயிற்றில் இழுவையே இல்லை. அறையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அந்த ஓட்டத்தில் கயிற்றை விட்டால் ஆளைத் திரும்பப் பார்க்க முடியாது. துமி மட்டும் எழவில்லை. கண்ணை மூடி மூச்சைக் கேட்டார். மூச்சு பதறவில்லை, நிதானமாக இருந்தது. மயக்கம் இல்லை, பயமும் இல்லை.

"மாமா, ரெண்டு கையும் எங்க?"

தண்ணீருக்குள்ளிருந்து கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தது. "கும்பிட்டுக்கிட்டு இருக்கேன், சாமி."

"கும்பிட்டது போதும் மாமா. கயித்தப் புடிங்க."

தண்ணீருக்குள் ஒரு பெரிய அலறல் கேட்டது, தலைவர் தான் இருக்கும் நிலையை அப்போதுதான் கவனித்திருக்கிறார். இடது கையை நீட்டுங்கள், இன்னும் கொஞ்சம், முட்டியை மடக்காதீர்கள் என்று துமி விடாமல் பேசினார். முள் துடித்தது, ஏறியது, நின்றது.

வாசலுக்குள் வந்து விழுந்த சந்தியாகு தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தார். நனைந்த காலோடு நொண்டிக்கொண்டு நேரே வழிக்குரல் அறைக்கு வந்து கதவைத் திறந்தார். முகம் கோபத்தில் கொதித்தது. கோபத்தில் 'நீங்க'வும் மறந்துவிட்டது, சாமியும் மறந்துவிட்டது.

"ஏ துமி, முன்னால பள்ளம் இருக்குன்னு சொல்லக்கூடாதா பிள்ள? முட்டி பேந்துபோச்சு பாரு."

அந்தத் திட்டைக் கேட்டுத் துமிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அவ்வளவு சந்தோஷம் அந்த உயரமான இருக்கையில் ஒருநாளும் அவருக்கு வந்ததில்லை. முக்காலியைத் திருப்பிக்கொண்டு தலைவரைப் பார்த்தார்.

"சொன்னேன் மாமா. நீங்கதான் கும்பிட்டுக்கிட்டு இருந்ததுல கேக்கல."